வெளியான கதைகளை வைத்து ஓர் ஊகப்புனைவு எழுத்தாளரின் வருடத்தை அளக்க முடியுமா?

மூன்றாம்நிலவு:

டிசம்பர் வந்துவிட்டால் ஊகப்புனைவு (அறிவியல் புனைவு, மாய உலகங்களைச் சொல்லும் மிகுபுனைவு போன்றவை) எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்த வருடம் வெளியான தங்கள் சிறுகதைகளைப் பட்டியல் போடுவார்கள். நானும் போடப் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால், பட்டியலைப் பார்த்தால் தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். முக்கியமாக, இப்போதுதான் கதை அனுப்பத் தொடங்கியிருப்பவர்களுக்கு.

இந்த வருடம் வெளியான என் கதைகளில் இந்த வருடமே எழுதியது ஒன்றே ஒன்று. ஆயிரம் சொற்களுக்குள் அடங்கும் குறுங்கதை. மற்றவை எல்லாம் பழையவை.

கடல் பின்வாங்கிப் போன ஊரில் இன்னமும் தினமும் கலங்கரை விளக்கை ஏற்றும் கிழவியின் கதையை எழுதிப் பல வருடங்கள் ஆகின்றன. நிறைய இதழ்களுக்குப் போய்த் திரும்பி வந்தது. வந்த அன்றே வேறோர் இடத்துக்கு அனுப்பிவிடுவேன். கடைசியில் எடுத்துக்கொண்ட ஆசிரியர் ஒரே ஒரு மாற்றம்தான் கேட்டார்: கடல் ஏன் போனது என்று நான் எழுதியிருந்த இரண்டு பக்க விளக்கம் வேண்டாம் என்றார். எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். கிழவிக்குக் காரணம் தெரியாது, அதனால் வாசகருக்கும் தெரியாது. அவள் விளக்கேற்றுவது மட்டும் மிஞ்சுகிறது. கதைக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்தது நெடுங்கதை. இறந்துபோன தாயின் நினைவுகள் மகளுக்குச் சொத்தாக வந்து சேர்கின்றன. தன்னைப் பற்றிய பகுதியை மட்டும் அவள் திறக்க மறுக்கிறாள். 9,000 சொற்களைத் தாண்டிவிட்டதால் அனுப்புவதற்கு இடமே குறைவு. பல இதழ்கள் 5,000 அல்லது 7,500 சொற்களோடு நிறுத்திக்கொள்கின்றன. ஏற்புக் கடிதம் வந்ததற்கும் கதை வெளியானதற்கும் நடுவில் ஒரு வருடத்துக்கும் மேல் ஓடிவிட்டது.

இன்னொன்று மறுவெளியீடு. முன்பு எழுத்தில் வந்த கதை, இந்த வருடம் ஒலி இதழ் ஒன்றில் வந்தது.

ஆக, வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது எனக்கு நிறைவான வருடம். உண்மையில் இந்த வருடம் நான் எழுதியவற்றில் பெரும்பகுதி இன்னும் யாரோ ஓர் ஆசிரியரின் வரிசையில் காத்திருக்கிறது. போன வருடம் இதற்கு நேர்மாறு: விடாமல் எழுதினேன், ஒன்றும் வெளியாகவில்லை, பட்டியலும் போடவில்லை. என்னைப் பொறுத்தவரை அதுதான் நல்ல வருடம். இதை வெளிப்படையாகப் பேசினால் பலருக்குத் தைரியம் வரும் என்று நம்புகிறேன். உங்கள் அனுபவம் என்ன?

எரிகல்:

அக்கா, சரியான நேரத்தில் எழுதியிருக்கிறீர்கள். மற்றவர்களின் பட்டியல்களைப் படித்துவிட்டு ஒரு வாரமாக எழுதவே மனம் வரவில்லை. ஒரு கேள்வி. ஒரு கதை திரும்பி வந்ததும் அடுத்த இடத்துக்கு அனுப்புகிறீர்கள், சரி. எந்த இடத்துக்கு என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? ஒரே நேரத்தில் நான்கு இதழ்களுக்கு அனுப்பினால் வேகமாக முடியாதா?

மூன்றாம்நிலவு:

தம்பி, இந்தத் துறையில் பெரும்பாலான இதழ்கள் ஒரே கதையை ஒரே நேரத்தில் பல இடங்களுக்கு அனுப்புவதை ஏற்பதில்லை. சில ஏற்கும், விதிமுறைப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். ஏற்காத இடத்தில் அந்த விதியை மீற வேண்டாம். இரண்டு பேர் ஒரே கதையை எடுத்துக்கொண்டால், மறுக்கப்பட்ட ஆசிரியர் அதை மறக்க மாட்டார்.

அதனால்தான் பதில் வரும் வேகம் முக்கியமாகிறது. கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற இணைய இதழ் பெரும்பாலும் சில நாட்களிலேயே பதில் சொல்லிவிடும். வேறு சில இடங்களில் மாதக்கணக்கில் ஆகும். வேகமாகப் பதில் சொல்கிறவர்களும் நல்ல ஊதியம் தருகிறவர்களும் முதலில். அப்புறம் மெதுவானவர்கள். ஆனால் இதைவிடப் பெரிய அளவுகோல் பொருத்தம். பினீத் சீஸ்லெஸ் ஸ்கைஸ் வேற்றுலகில் நடக்கும் மிகுபுனைவுக்கான இதழ். விண்கலக் கதையை அங்கே அனுப்புவது ஆசிரியரின் நேரத்தையும் உங்கள் நேரத்தையும் வீணாக்கும். அனலாக் இதழ் அறிவியல் அடித்தளம் இல்லாத கதையை எடுக்காது. இரண்டு இதழ்களாவது எடுத்துப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

எது எங்கே போயிருக்கிறது என்று குறித்துவைக்க சப்மிஷன் கிரைண்டர் என்ற இணையதளம் இருக்கிறது. 2013-இலிருந்து இலவசமாக நடக்கிறது. மற்ற எழுத்தாளர்களுக்கு எத்தனை நாளில் பதில் வந்தது என்பதையும் அதில் பார்க்கலாம்.

தூசிவளையம்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். இந்தப் பேச்சு முழுக்க அனுப்புவதைப் பற்றியே போகிறது. அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் டெட் சியாங்கைப் பாருங்கள். முதல் கதை 1990-இல் வந்தது, அதற்கே ஊகப்புனைவுக்கான நெபுலா விருது. அதற்குப் பிறகு முப்பது வருடத்தில் அவர் வெளியிட்டவை மொத்தமே இருபது கதைகளுக்குள்தான். பல வருடங்களில் ஒன்றுமே இல்லை. அவர் 1998-இல் வெளியிட்ட கதையை வைத்து 2016-இல் திரைப்படமே வந்தது. வருடத்துக்கு ஐந்தாறு கதை வெளியிட வேண்டும் என்ற எண்ணமே தவறான இடத்தில் தொடங்குகிறது என்பது என் கருத்து. ஒரு கதையை ஐந்து வருடம் வைத்திருந்து எழுதுங்கள்.

கரிமவட்டம்:

சியாங்கை உதாரணம் காட்டுவது எளிது. ஆனால் அவர் தொழில்நுட்ப ஆவணங்கள் எழுதும் வேலை பார்த்துக்கொண்டே கதை எழுதியவர். கதை வருமானத்தை நம்பி அவர் வீடு ஓடவில்லை. ரே பிராட்பரி இதற்கு நேரெதிர். வாரம் ஒரு கதை எழுது என்பதுதான் அவர் புதியவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன யோசனை. ஐம்பத்திரண்டும் மோசமாக அமைய வாய்ப்பே இல்லை என்பது அவர் நம்பிக்கை. இரண்டு பேருமே பெரிய எழுத்தாளர்கள்தான். யாருடைய வேகம் யாருக்குப் பொருந்தும் என்பதை எழுதிப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாம்நிலவு:

தூசிவளையம், உங்கள் கருத்தில் பாதியை ஏற்கிறேன். கதையை அவசரமாக முடிக்கக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. கலங்கரை விளக்குக் கதையை நான் எழுதி முடிக்கவே நீண்ட காலம் ஆனது. நான் சொல்வது முடித்ததற்குப் பிறகு வரும் கட்டத்தை. முடிந்த கதை மேசைக்குள் கிடப்பதால் அது மேம்படுவதில்லை. அறிவியல் புனைவு எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன் 1947-இல் எழுத்தாளர்களுக்குச் சொன்ன ஐந்து விதிகளில் கடைசி இரண்டும் இதுதான்: கதையை விற்பனைக்கு அனுப்பு, விற்கும்வரை அனுப்பிக்கொண்டே இரு. ஆசிரியர் கேட்டாலொழியத் திருத்தாதே என்ற மூன்றாவது விதி எனக்கு உடன்பாடில்லை. நான் திருத்திக்கொண்டேதான் இருப்பேன். ஆனால் அந்தக் கடைசி இரண்டும் இன்றைக்கும் செல்லும்.

கதை எழுதும் வேகம் உங்கள் கையில். வெளியாகும் வேகம் உங்கள் கையில் இல்லவே இல்லை. அந்த இரண்டாவதை வைத்து உங்களை நீங்களே எடை போட்டுக்கொள்ளாதீர்கள் என்பதற்காகத்தான் இந்த இழையைத் தொடங்கினேன்.

கணக்கன்:

பணத்தைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். அறிவியல் புனைவு, மிகுபுனைவு எழுத்தாளர் சங்கம் (SFWA) தொழில்முறை ஊதியம் என்று வைத்திருக்கும் அளவு 2019 செப்டம்பரிலிருந்து சொல்லுக்கு 8 சென்ட். அதற்கு முன்பு 6 சென்ட். ஐயாயிரம் சொல் கதைக்கு 400 டாலர். வருடத்துக்கு ஐந்து கதை இந்த விகிதத்தில் விற்றால் 2,000 டாலர். சங்கத்தின் அளவைவிட அதிகம் கொடுக்கும் இதழ்களும் உண்டு, ஆனால் அவை எல்லோரும் மோதும் இடங்கள். சிறுகதையை மட்டும் வைத்து யாரும் வாழ முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே நல்லது. இதனால் எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலையை விட்டுவிட்டுச் சிறுகதை எழுத உட்காரப் போகிறேன் என்று இங்கே ஒருவர் முன்பு எழுதியிருந்தார். அவருக்காகத்தான் சொல்கிறேன்.

மூன்றாம்நிலவு:

கணக்கன் சார் சொல்வது உண்மை. இதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ஒரு கதை ஒரு முறைதான் விற்கும் என்று நினைக்காதீர்கள். மறுவெளியீட்டுக்குச் சொல்லுக்கு ஓரிரு சென்ட், அல்லது ஒரு சிறு தொகை கிடைக்கும். ஒலி இதழ்கள், ஆண்டுத் தொகுப்புகள், பிறமொழி இதழ்கள் என்று கதை தொடர்ந்து பயணிக்கும். ஆனால் அதற்கு உரிமை உங்களிடம் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பின்னிரவு வாசகி:

அக்கா, ஒப்பந்தத்தில் என்ன பார்க்க வேண்டும் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா? எனக்கு முதல் ஏற்பு வந்திருக்கிறது. சந்தோஷத்தில் அப்படியே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடப் பார்த்தேன், இதைப் படித்ததும் நிறுத்திவிட்டேன்.

மூன்றாம்நிலவு:

முதலில் வாழ்த்துகள்! முதல் ஏற்புக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

சரி, பார்க்க வேண்டியவை. அவர்கள் கேட்பது முதல் வெளியீட்டு உரிமையா, அதற்கு மேலும் ஏதாவதா? ஒரு மாத இதழுக்கு உங்கள் கதையை முதன்முதலாக அச்சிடவும் இணையத்தில் போடவும் உரிமை போதும். ஒலி வடிவம் செய்கிறார்கள் என்றால் அதுவும். திரைப்பட உரிமை, பாத்திரங்கள் மீதான உரிமை, எல்லா வடிவங்களிலும் நிரந்தர உரிமை என்று ஏதாவது இருந்தால் உடனே கேளுங்கள். பல ஆசிரியர்கள் கேட்டால் நீக்கிவிடுவார்கள். அவர்களே கவனிக்காமல் பழைய படிவத்தைப் பயன்படுத்தியிருப்பார்கள்.

அடுத்தது, எத்தனை காலம் அது அவர்களுக்கே உரியது? ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை வழக்கம். அதற்குப் பிறகு மறுவெளியீட்டுக்கு நீங்கள் கொடுக்கலாம்.

மூன்றாவதைத்தான் பலரும் பார்ப்பதில்லை. ஏற்ற கதையை அவர்கள் இத்தனை மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் உரிமை உங்களிடமே திரும்ப வேண்டும். இந்த வரி இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லுங்கள். என் கதை ஒன்றை ஏற்ற சிறு இதழ் ஒன்று, அதை வெளியிடுவதற்கு முன்பே மூடிவிட்டது. கடிதங்களுக்குப் பதிலே இல்லை. ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்ததால்தான் என் கதையைத் திரும்ப எடுத்து வேறிடத்துக்கு அனுப்ப முடிந்தது.

அறிவியல் புனைவு எழுத்தாளர் அக்டேவியா பட்லருக்கு என்ன நடந்தது தெரியுமா? 1970-இல் கிளாரியன் எழுத்தாளர் பயிற்சிப் பட்டறையில் இருந்தபோது இரண்டு கதைகளை விற்றார். ஒன்று அடுத்த வருடம் வெளியானது. மற்றொன்று ஹார்லன் எலிசன் தொகுப்பதாக இருந்த ஒரு பெருந்தொகுப்புக்குப் போனது. அந்தத் தொகுப்பு இருவர் காலத்திலும் வரவே இல்லை. அந்தக் கதை 2014-இல்தான் வெளியானது. பட்லர் இறந்தது 2006-இல். அந்த முதல் விற்பனைகளுக்குப் பிறகு ஐந்து வருடம் அவருக்கு எந்தக் கதையும் விற்கவில்லை. அவர் அந்த ஐந்து வருடமும் டிசம்பரில் பட்டியல் போட்டிருந்தால் அதில் என்ன இருந்திருக்கும்? ஆனால் அதே காலத்தில்தான் அவர் நாவல் எழுதிக்கொண்டிருந்தார். முதல் நாவல் 1976-இல் வந்தது.

எரிகல்:

பட்லர் பற்றி இது தெரியாது. ரொம்ப நேரம் யோசிக்க வைத்துவிட்டீர்கள்.

சுழல்கோள்:

நான் ஓர் இணைய இதழுக்கு முதல்நிலை வாசகராக, அதாவது வருகிற கதைகளை ஆசிரியருக்கு முன்பே படித்து வடிகட்டுகிறவராக, இருக்கிறேன். பெயர் வேண்டாம். வரிசையின் இந்தப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

மறுப்பு என்றால் கதை மோசம் என்று அர்த்தமில்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, தினமும் நடக்கிறது. நேற்று ஒரு நல்ல கதையை ஆசிரியர் குழு விட்டுவிட்டது. காரணம், அதைப் போலவே நினைவுகளைப் பரிமாறிக்கொள்ளும் கதை ஒன்றை ஏற்கெனவே அடுத்த இதழுக்கு எடுத்திருந்தோம்.

2023-க்குப் பிறகு எங்கள் வேலை இன்னும் கடினமாகிவிட்டது. அந்த வருடம் பிப்ரவரி 20-ஆம் தேதி கிளார்க்ஸ்வேர்ல்ட் கதை வாங்குவதையே தற்காலிகமாக நிறுத்தியது நினைவிருக்கும். செயற்கை நுண்ணறிவு எழுதிய கதைகள் அந்த மாதத்தில் மட்டும் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. அடுத்த மாதமே மீண்டும் திறந்தார்கள், ஆனால் அந்த வெள்ளம் எந்த இதழையும் விடவில்லை. எங்களுக்கு வருகிறவற்றைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: எல்லாக் கதையும் ஒரே மாதிரி தொடங்கி, ஒரே மாதிரி ஒரு பாடத்தோடு முடியும். ஆனாலும் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாக வேண்டும். அந்த நேரம் முழுவதும் உண்மையான எழுத்தாளர்களிடமிருந்து பறிக்கப்படும் நேரம். பதில் தாமதமானால் தயவுசெய்து இதையும் மனதில் வையுங்கள்.

முதல் பக்கத்தைப் பற்றி ஒன்று. உலகத்தை விளக்கிவிட்டுக் கதையைத் தொடங்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மூன்றாம்நிலவின் கிழவி விளக்கேற்றும்போதே கடல் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிடுகிறதல்லவா, அதுதான் வேண்டும்.

மூன்றாம்நிலவு:

நன்றி சுழல்கோள். உங்களைப் போன்றவர்கள் சம்பளமே இல்லாமல், அல்லது மிகக் குறைந்த தொகைக்கு இந்த வேலையைச் செய்கிறீர்கள் என்பதை எழுத்தாளர்கள் போதுமான அளவு சொல்வதில்லை.

இதழ்களின் நிலையையும் சொல்ல வேண்டும். 2023-இல் அமேசான் தன் கிண்டில் இதழ்ச் சந்தா முறையை நிறுத்தியது. பல ஊகப்புனைவு இதழ்களுக்குச் சந்தாதாரர்களில் பெரும்பகுதி அங்கேதான் இருந்தார்கள். நேரடிச் சந்தாவுக்கு அவர்களை மீண்டும் அழைத்துவர இன்றைக்கும் பாடுபடுகிறார்கள். உங்கள் கதை வர வேண்டும் என்று விரும்பும் இதழ்களில் ஒன்றுக்காவது சந்தா கட்டுங்கள். என் கதைகள் வெளியானதே முகம் தெரியாத யாரோ கட்டிய சந்தாவால்தான்.

தூசிவளையம்:

இதோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் டிசம்பர் பட்டியல் எனக்கு இன்னும் உறுத்தலாகவே இருக்கிறது. விருதுக்குப் பரிந்துரை கேட்பதுபோல் ஆகிவிடுகிறது. நல்ல கதை தன் வாசகரைத் தானே தேடிக்கொள்ளாதா?

மூன்றாம்நிலவு:

நான் அப்படி நம்பவில்லை, தூசிவளையம். சிறுகதை வெளியான வாரத்தில் சிலர் படிப்பார்கள். அடுத்த வாரம் வேறு கதை வந்துவிடும். நாவலுக்காவது மதிப்புரை உண்டு, கடையில் கிடக்கும். சிறுகதைக்கு ஒரு மாதம் கழித்து அப்படி ஒன்று வந்தது என்று நினைவூட்ட ஆளே இல்லை. பிப்ரவரியில் வந்த கதையை டிசம்பரில் நினைவில் வைத்திருக்கும் வாசகர் மிகக் குறைவு.

ஊகப்புனைவின் இன்னொரு பெரிய விருதான ஹியூகோவுக்குப் பரிந்துரைப்பவர்கள் உலக அறிவியல் புனைவு மாநாட்டின் உறுப்பினர்கள், அதாவது வாசகர்கள். நெபுலாவுக்கு எழுத்தாளர் சங்க உறுப்பினர்கள். யாரிடமும் அந்த வருடத்தின் எல்லாக் கதையும் படிக்க நேரம் இருக்காது. எந்தக் கதை எந்தப் பிரிவில் வரும் என்று தெளிவாகப் போட்டுவைத்தால் அவர்களுக்கு அது உதவி. 7,500 சொற்களுக்குள் என்றால் சிறுகதை, அதிலிருந்து 17,500வரை நெடுங்கதை, அதற்கு மேல் 40,000வரை குறுநாவல். புதியவர்களுக்கு இன்னொரு முக்கியமான விஷயம்: புதிய எழுத்தாளருக்கான அஸ்டவுண்டிங் விருதுக்கு, முதல் தொழில்முறை வெளியீட்டிலிருந்து இரண்டு வருடம் மட்டுமே தகுதி. தயங்கிக்கொண்டிருந்தால் அந்தக் காலம் போய்விடும்.

அமெரிக்க எழுத்தாளர் கென் லியுவின் 2011 சிறுகதை ஒன்று ஹியூகோ, நெபுலா, உலக மிகுபுனைவு விருது மூன்றையும் வென்றது. மூன்றையும் வென்ற முதல் புனைவு அது. அந்தக் கதையைப் படித்தவர்கள் மற்றவர்களிடம் சொன்னார்கள். சொல்வதில் என்ன தவறு? என்னைப் பொறுத்தவரை, நீங்கள் பட்டியல் போடும்போது உங்களுக்குப் பிடித்த பிறரின் நான்கு கதைகளையும் சேர்த்துப் போடுங்கள். நான் அப்படித்தான் போடுவேன். உறுத்தலும் குறையும், நல்ல கதை ஒன்று கூடுதலாக ஒருவர் கைக்குப் போகும்.

தூசிவளையம்:

பிறர் கதைகளையும் சேர்ப்பது நல்ல யோசனை. இந்த முறை போடுகிறேன். என் கதை ஒன்றுதான் வெளியானது. அதையும் சேர்க்கிறேன்.

கரிமவட்டம்:

போடுங்கள் அண்ணா, அந்தக் கதையை நான் படித்தேன். பறவைகள் வரைபடம் வரையும் கதைதானே? இரண்டு பேருக்கு அனுப்பியும் வைத்தேன்.

பின்னிரவு வாசகி:

ஒப்பந்தத்தைப் பற்றி ஆசிரியருக்கு எழுதினேன். உரிமை திரும்பும் வரியைச் சேர்த்துப் புதிய படிவம் அனுப்பிவிட்டார், ஒரு வார்த்தை கேள்வி கேட்காமல்! கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இன்னொரு சந்தேகம் அக்கா. என் கதை ஜனவரி–பிப்ரவரி அச்சிதழில் வருகிறது. ஆனால் இதழ் டிசம்பரிலேயே விற்பனைக்கு வந்துவிடும் என்கிறார்கள். எந்த வருடப் பட்டியலில் போடுவது?

மூன்றாம்நிலவு:

மிகவும் மகிழ்ச்சி!

அடுத்த வருடத்தில் போடுங்கள். தேதியிட்ட இதழ் என்றால் ஹியூகோ விதிப்படி அட்டையில் இருக்கும் தேதிதான் கணக்கு, கடைக்கு வந்த நாள் இல்லை. உங்களுக்கு இது நல்லதும்கூட: டிசம்பரில் வெளியாகும் கதைகளைப் படிக்கப் பரிந்துரைப்பவர்களுக்கு நேரமே இருக்காது, உங்கள் கதைக்கு முழு வருடம் கிடைக்கிறது. இதழ் வந்ததும் இங்கே சொல்லுங்கள், நான் முதல் ஆளாகப் படிக்கிறேன். அதுவரை அடுத்த கதையை அனுப்பிவிடுங்கள்.